கங்கை கொண்ட பிறகு

1

வாசகர்களே, முதலில் உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன்.

பாளையங்கோட்டையின் கல்லூரி மேடைகளில் நான் பேசியபோது முன்வரிசையில் இருந்தவர்கள் நீங்கள். நேரம் முடிந்ததென்று மணி அடித்த பிறகும், "இன்னும் ரெண்டு நிமிசம் பேசட்டும், விடுங்க" என்று நடுவரிடம் எனக்காகக் குரல் கொடுத்தவர்கள் நீங்கள். ஏறிய மேடை எதிலிருந்தும் தோற்று இறங்காதவன் நான் என்பதற்கு, வீட்டில் அம்மா துடைத்துத் துடைத்து வைக்கிற கோப்பைகளைவிட நீங்களே உறுதியான சான்று. ஆகவே, கொல்கத்தாவில் சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் உங்கள் முன்னிலையிலேயே வைக்கிறேன். நான் வென்றேன். அதில் எனக்கு ஐயமில்லை. அந்த வெற்றி எவ்வளவு காலத்துக்குச் செல்லும் என்பதுதான் வழக்கு.

நான் இங்கே வந்து இந்த டிசம்பரோடு மூன்று ஆண்டுகள். ஹவுரா நிலையத்தில் ரயிலிலிருந்து இறங்கிய அன்று, வாடகைக் காரின் ஓட்டுநர் ராணுவக் கோட்டைப் பக்கம் சாலையை அடைத்திருக்கிறார்கள் என்று சொல்லி ஊரைச் சுற்றிக்கொண்டு போனார். வழியெங்கும் கொடிகள். "பிஜோய் திபோஷ்" என்றார். விஜய திவசம், வெற்றித் திருநாள். அரை நூற்றாண்டுக்கு முன் கிழக்கு எல்லைப் போரில் நம் படை வென்ற நாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கொடிகள் என் வருகைக்காகவே கட்டப்பட்டவை என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

2

என் நாள் எளிமையானது. காலையில் ஜாதவ்பூரில் என் அறையைப் பூட்டுவேன். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மாளை ஊர் வழக்கப்படி 'மாஷிமா' என்று அழைக்கிறேன். நம்மூரில் பெரியம்மா என்போம். அவர் சன்னல் வழியாக "கேயேச்சோ?" என்பார். சாப்பிட்டாயா என்று பொருள். சாப்பிடாவிட்டாலும் ஆம் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்; இல்லையென்றால் மீன் வரும், பேருந்து போய்விடும். பிறகு சால்ட் லேக்கில் ஒரு கண்ணாடிக் கட்டடம், பகல் முழுதும் ஆங்கிலம், தேநீர்க் கடையில் இந்தி. நெல்லைத் தமிழில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும்.

ஞாயிறன்று லேக் மார்க்கெட் பக்கத்தில் எங்கள் தமிழ் மன்றம் கூடும். இதில் இரு வகைத் தமிழர் உண்டு. வங்கியிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்து வேலைக்காக நூறாண்டுக்கு முன் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஒரு வகை. கணினியை முதுகில் சுமந்து நேற்று வந்த என் போன்றவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினரின் பிள்ளைகளுக்குத் தமிழ் சமையலறையோடு முடிந்துவிடுகிறது. "காபி வேணுமா?" என்று தாய் தமிழில் கேட்பார். "ஹ்யா, தாவ்" என்று மகன் வங்காளியில் பதில் சொல்வான்; ஆமாம், கொடு என்று பொருள். இருவருக்கும் அதில் வியப்பு ஒன்றுமில்லை. முதல் ஆண்டில் அதைக் கேட்டபோது எனக்குச் சினம் வந்தது. இரண்டாம் ஆண்டில் வருத்தமாக மாறியது. மூன்றாம் ஆண்டில், மாஷிமாவுக்கு நானே யோசிக்காமல் வங்காளியில் பதில் சொன்ன ஒரு காலையில், இரண்டும் அடங்கின.

மன்றத்தின் செயலாளர் ராமபத்ரன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. எல்லாருக்கும் அவர் மாமா. எனக்கு மட்டும் சார். நவம்பரில் ஒருநாள் என்னைத் தனியே அழைத்தார்.

"ஒண்ணு சொல்றேன், கேளு. போன வருஷம் பட்டிமன்றத்துல தீர்ப்பு சொல்றச்சே ஹால்ல பதினாலு பேர் இருந்தா. அதுல நாலு பேர் சமையல்காரா."

"பேசினவங்க சரியில்ல சார். நான் அப்ப ஊருக்குப் போயிருந்தேன்."

"கமிட்டில தீர்மானம் போட்டாச்சுப்பா. இந்த வருஷம் பசங்க தீர்ப்பு வரைக்கும் உக்காந்தா பட்டிமன்றம் உண்டு. டிபனைத் தின்னுட்டு எழுந்து போச்சுகள்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து அந்த நாள்ல இங்கிலீஷ் க்விஸ். நாப்பது வருஷமா நடக்கறது. என் கையால மூட வேண்டாம்னு பார்க்கறேன். உன்னால உக்கார வெக்க முடியுமா?"

"நான் பேசி ஒருத்தர் எந்திரிச்சுப் போனதா சரித்திரம் கெடையாது, சார்."

"சரித்திரம் இருக்கட்டும். நீ டிசம்பரைப் பாரு" என்றார்.

3

வெற்றித் திருநாள் வாரத்தில் நடப்பதால் தலைப்பும் அதையொட்டியே அமைந்தது. ஒரு நாட்டின் நெடுங்கால எதிர்காலத்தைக் காப்பவை முன்னோர் பெற்ற போர் வெற்றிகளே என்பது ஓர் அணி. பின்னோர் செய்யும் பணிகளே என்பது எதிரணி. அணிக்கு மூவர். சீட்டுக் குலுக்கியதில் எனக்குப் போர் வெற்றிகள் விழுந்தன. விழாவிட்டாலும் அதையே கேட்டு வாங்கியிருப்பேன். எத்தரப்பையும் பேசுவது பயிற்சி. ஆனால் இந்தத் தரப்பு எனக்கு நம்பிக்கை. வென்றவன் வென்றவனாகவே இருப்பான் என்று நான் கருதியிருந்தேன். என் வாழ்க்கையில் அதற்கு மாறாக எதுவும் நடந்திருக்கவில்லை.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி பெறும் பொறுப்பும் என்மீது விழுந்தது. விண்ணப்பம் மூன்று படிகள், அரங்கத்தின் கடிதம், அடையாள அட்டை நகல். அடையாள அட்டையில் பாளையங்கோட்டை முகவரி இருந்ததால், இங்கே குடியிருக்கிறேன் என்பதற்கு மாஷிமாவின் கையொப்பம். அவர் மின்கட்டண ரசீதில் காலமான கணவரின் பெயர் இருந்ததால், அதற்கு இன்னொரு கடிதம். மூன்றாம் முறை போனபோதுதான் உரிய மேசை கிடைத்தது. அங்கிருந்த அதிகாரியிடம், மனத்துக்குள் கட்டிக்கொண்டு போன வங்காளி வாக்கியத்தைக் கம்பீரமாகச் சொன்னேன். விவாத மேடைக்கு அனுமதி கேட்பதாக எண்ணம். வெளியே வந்த வாக்கியத்தின் பொருளோ, "நான் வாக்குவாதம் செய்ய வந்திருக்கிறேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "போஷுன், தாதா, போஷுன்" என்றார். உட்காருங்கள் அண்ணா, உட்காருங்கள். "இங்கே வருகிற எல்லாரும் அதற்குத்தான் வருகிறார்கள். சொல்லிவிட்டு வந்தவர் நீங்கள் ஒருவர்தான்."

பக்கத்து மேசைகள் சிரித்தன. அவர் விண்ணப்பத்தில் 'நிகழ்ச்சியின் தன்மை' என்ற கட்டத்தைப் பார்த்தார். அரசியலா, சமயமா, பண்பாடா? போர் என்று எழுதியிருக்கிறதே? நான் தலைப்பை விளக்கினேன். அவ்வளவுதான்; கொல்கத்தாவில் ஒருவரிடம் விவாதத் தலைப்பைச் சொல்வது, தேநீர் சொல்லியனுப்புவதற்குச் சமம். தேநீரும் வந்தது.

"நீங்கள் எந்தக் கட்சி?"

"பழைய வெற்றிகளே காக்கும் என்ற கட்சி."

"தோற்றீர்கள்" என்றார், இந்தியும் வங்காளியும் கலந்து. "என் கால்பந்துக் கிளப்பைப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்தையே தோற்கடித்த அணி. என் தாத்தா அதைச் சொல்லி அழுவார். அப்பா சொல்லி அழுவார். நானும் அழுவேன். போன சனிக்கிழமை தோற்றோம். தாத்தா காலத்துக் கோலை இந்த சனிக்கிழமைக் கணக்கில் சேர்க்க ரெஃப்ரி சம்மதிக்கவில்லை, தாதா!"

முத்திரையைக் குத்தினார். மூன்று மணி முதல் ஆறு மணி வரை. "ஆறு என்றால் ஆறு. ஆள் அனுப்பி நிறுத்துவேன்."

எதிரணிக்கு உரிய வாதம் அது. கையில் இருந்த அனுமதிச் சீட்டோடு அதையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

4

எதிரணித் தலைவி நந்தினி. பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கிறவள், இருபது வயது. சுருக்கெழுத்தராக வந்த கொள்ளுத்தாத்தாவின் வழியில் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். வங்காளியிலும் ஆங்கிலத்திலும் பரிசுகள் பெற்றவள். தமிழில் இதுவே முதல் மேடை, மாமாவின் வற்புறுத்தல். ஒத்திகையன்று அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். தமிழ்ப் பேச்சு முழுவதும் வங்காள எழுத்தில் எழுதப்பட்டிருந்தது.

"இது என்ன?"

"தமிழ்தான், அண்ணா. சட்டையை மாத்திண்டிருக்கு."

"இதை வச்சுட்டா எங்கிட்ட மோதப் போறீங்க?"

"நடுவர் காதால கேப்பாளா, கண்ணால பார்ப்பாளா?" என்றாள்.

நான் சிரித்தேன். பெருந்தன்மையான சிரிப்பு என்று அப்போது நினைத்தேன்.

5

ஞாயிறு மூன்று மணிக்கு அரங்கு நிறைந்திருந்தது. நிறைத்தவர்கள் பெரியவர்கள். இளையோர் இருபத்தைந்து பேர் கடைசி வரிசைகளில், வாசலுக்கு வசதியாக. நடுவர் ராமபத்ரன் சார். தொடக்கவுரை எனக்கு.

பாளையங்கோட்டையில் என்னை வளர்த்த பேச்சுக் கலையில் ஓர் உத்தி உண்டு. அடுக்கு அடுக்காக ஏற்றிக்கொண்டு போய், உச்சியில் சட்டென்று நிறுத்தி, வலக்கையை உயர்த்தியபடி காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளி கைதட்டலுக்கு உரியது. அவையினர் அதை அறிவார்கள். நான் வங்க மண்ணிலேயே தொடங்கினேன்.

"காவிரி எங்கே, கங்கை எங்கே! காடு கடந்து, மலை கடந்து, ஆற்றின் குறுக்கே யானைகளை நிறுத்திப் பாலமாக்கி, இதே வங்கத்துக்கு வந்தது சோழப் பெரும்படை! எதிர்த்தவர் தோற்றனர். தோற்ற மன்னர்களின் தலையில் கங்கை நீர்க்குடங்கள் ஏறின. அந்த நீர் சோழநாடு சேர்ந்தது. அன்று அந்த வாள் எழுதிய பாதுகாப்புப் பத்திரத்தில்தான், ஆயிரம் ஆண்டு கடந்தும், தமிழினம் தலைநிமிர்ந்து வாழ்கிறது!"

கை உயர்ந்தது. காத்திருந்தேன்.

முன்வரிசைகள் தட்டின. அந்தத் தட்டல் நடு அரங்கைக்கூட எட்டாமல் ஓய்ந்தது. பின்வரிசை கைப்பேசிகளில் இருந்தது. இரண்டு பையன்கள் பைகளைத் தோளில் மாட்டினார்கள். என் கை இறங்க மறந்து நின்ற அந்த வெளியில், எதிர் மேசையிலிருந்து நந்தினி எழுந்தாள். பிறகுதான் தெரிந்துகொண்டேன்: அவள் பழகிய பல்கலைக்கழக விவாதங்களில் பேச்சாளர் அப்படி நிறுத்தினால், குறுக்குக் கேள்விக்கு இடம் தருகிறார் என்று பொருள். என் கைதட்டலுக்கான இடைவெளியை அவள் தனக்குத் தந்த அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

"தேங்க்யூ, அண்ணா. ஒரே ஒரு கேள்வி. கங்கைத் தண்ணியைத் தூக்கிண்டு போனேள். சரி. ஆயிரம் வருஷம் கழிச்சு கங்கைக்கரைக்குத் திரும்ப வந்தது யாரு? நீங்கதானே! கையில வாள் இல்லை. முதுகுல லேப்டாப், கழுத்துல ஐடி கார்டு. தோத்துப்போனவா வீட்டு மாடியில வாடகைக்கு இருக்கேள். காலம்பற 'சாப்பிட்டியா'ன்னு அவாதான் கேக்கறா. இதான் அந்தப் பத்திரத்துல எழுதியிருந்த பாதுகாப்பா?"

கடைசி வரிசை வெடித்தது. சிரிப்பு, சீழ்க்கை, "ஷாபாஷ் நந்தினி!" பை மாட்டிய பையன்கள் திரும்பி நின்றார்கள். நான் பதில் சொல்ல வாய் திறந்தேன், மணி அடித்தது. "நேரம் ஆச்சுப்பா" என்றார் நடுவர். இன்னும் இரண்டு நிமிடம் தரச்சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

உட்கார்ந்தேன். அணித்தலைவர்களின் தொகுப்புரைக்கு முன் மற்ற நால்வரும் பேசினார்கள். நான் அவர்களைக் கேட்கவில்லை, கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நந்தினி மூட்டிய வெப்பம் ஆறிக்கொண்டிருந்தது. ஒருவன் கைக்கடிகாரத்தைக் காட்டினான். மூன்று பேர் எழுந்து, சிற்றுண்டித் தட்டுகளை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் சாய்ந்தார்கள். ராமபத்ரன் சார் அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நாற்பது ஆண்டு மேடை மூடப்போகிறது. அதை மூடும் பேச்சு என்னுடையதாக இருக்கும்.

6

தொகுப்புரைக்கு அழைப்பு வந்தது. எழுதி வைத்திருந்த ஏழு தாள்களில் இன்னும் மூன்று போர்கள் மிச்சமிருந்தன. நான் தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். மேடையின் விளிம்புக்கு வந்து, கடைசி வரிசையிடம் பேசினேன்.

"நந்தினி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நான் இறங்குவேன். வாசலில் நிற்பவர்கள் பதிலைக் கேட்டுவிட்டுப் போகலாம்.

"கங்கை நீரைக் கொண்டுபோன சோழன் அதை என்ன செய்தான்? அரியணைக்கு அருகில் குடத்தில் வைத்துப் பூட்டவில்லை. கண் எட்டாத அளவுக்கு ஓர் ஏரி வெட்டி, அதில் ஊற்றினான். வெற்றிக்கு நினைவுச் சின்னமாகக் கல்தூண் நடாமல், தண்ணீரையே தூணாக நிறுத்தினான். அந்த ஏரிக்குக் கரை காத்த வரையில் வயல்கள் விளைந்தன. பின்வந்தவர்கள் கரையை மறந்தார்கள். கரை உடைந்தது, ஏரி தூர்ந்தது, காடு மண்டியது. கடல் கடந்த பேரரசின் தலைநகரம் இன்று ஒரு சிற்றூர். என் தொடக்கவுரையில் நான் இந்தப் பாதியைச் சொல்லவில்லை. சொல்லாதது என் குற்றம். நந்தினி கேட்டது சரி."

எதிரியின் கேள்வி சரி என்று மேடையில் சொல்வது, என் பயிற்சியில், ஆயுதத்தைக் கீழே போடுவது. முன்வரிசையில் யாரோ "அடடா" என்றார். ஆனால் வாசலில் நின்றவர்களில் ஒருவன் தட்டைக் கீழே வைத்தான்.

"என் ஊரின் பெயரிலேயே கோட்டை இருக்கிறது. பாளையங்கோட்டை. கோட்டை எங்கே என்று கேட்டால், ஒரு வாயிலையும் ஓரிரு கொத்தளத்தையும் காட்டுவோம். மற்றதெல்லாம் இடிந்துபோயிற்று. ஆனால் தென்னாடு முழுதும் எங்கள் ஊரை அறியும், எதனால்? பள்ளிக்கூடங்களால். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும்கூட அந்தக் காலத்திலேயே பள்ளி திறந்த ஊர். நான் குடியிருக்கும் ஜாதவ்பூரைப் பாருங்கள். நாடு பிரிந்தபோது எல்லாவற்றையும் இழந்து எல்லை தாண்டி வந்தவர்கள் சதுப்பில் கூரை போட்டார்கள். கூரைக்கு அடுத்தபடியாகப் பள்ளி கட்டினார்கள்.

"அப்படியானால் வெற்றிகள் வீணா? என் கட்சியை நான் கைவிட்டேனா? இல்லை! இந்த வாரம் கோட்டையில் மலர்வளையம் வைத்தார்களே, அந்த வீரர்கள் நமக்குத் தந்தது என்ன? எதிர்காலத்தையா? அதை எந்தப் படையும் தர முடியாது. அவர்கள் தந்தது அவகாசம். குண்டு விழாத காலை. குழந்தை பள்ளிக்குப் போய்த் திரும்பும் மாலை. அந்த அவகாசத்துக்குள்தான் பின்னோரின் பணியெல்லாம் நடக்கிறது. அவகாசம் இல்லாதவன் எந்த ஏரியை வெட்டுவான்? ஆகவே வெற்றியே காக்கிறது என்பேன். ஆனால் இதையும் சேர்த்தே சொல்வேன்: அந்தக் காவலுக்குக் காலக்கெடு உண்டு! ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதுப்பிக்கக் கடமைப்பட்டிருக்கிறது! புதுப்பிக்காத வெற்றி..."

நிறுத்தினேன். இம்முறை உத்திக்காக அல்ல, மூச்சு வாங்கியது.

"...தாத்தா காலத்து கோல்!" என்று கடைசி வரிசையில் ஒரு பையன் கத்தினான். காவல் நிலையத்து அதிகாரியின் வாதத்தை அவனிடம் நான் சொன்னதே இல்லை. இந்த ஊரில் அது எல்லாருடைய வீட்டிலும் இருக்கிற துயரம் போலும். அரங்கமே சிரித்தது, தட்டியது, அந்தத் தட்டல் பின்வரிசையில் பிறந்து முன்வரிசைக்கு வந்தது. பாளையங்கோட்டையில் இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

அப்போது ஒலிபெருக்கி நின்றது. மணி ஆறு. வாசலில் ஒரு காவலர், கையில் எங்கள் அனுமதிச் சீட்டின் நகலோடு. நான் அவரை வணங்கிவிட்டு, வெறுங்குரலில் தொடர்ந்தேன். அதற்குத்தானே என்னைப் பழக்கினார்கள்! நந்தினியும் வெறுங்குரலிலேயே எழுந்தாள். தமிழ் போதாத இடத்தில் வங்காளி, அதுவும் போதாத இடத்தில் கை. பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து கேள்வி கேட்டார்கள். "அண்ணா, தோத்த தேசம்கூட நன்னா முன்னேறியிருக்கே, அதுக்கு என்ன சொல்றேள்?" என்று ஒருத்தி. "ஜெயிச்சவாதான் தூங்கிடறா, தோத்தவா முழிச்சிண்டிருக்கா!" என்று அவள் தம்பி. உடைந்த தமிழ், ஒட்டுப்போட்ட தமிழ். ஆனால் என்னை விடவில்லை. காவலருக்கு யாரோ போண்டா கொடுத்து நாற்காலி போட்டார்கள்.

ராமபத்ரன் சார் தொண்டையைச் செருமினார். "இரு சாராரும் அழகா பேசினா. ஒரு வண்டிக்கு ரெண்டு சக்கரமும்..."

"நா நா, மாமா! சக்கரம் வேண்டாம்! ஓட்டு!" என்று கூச்சல் எழுந்தது. அவர்கள் பழகிய விவாதத்தில் அவை கையுயர்த்தித் தீர்ப்பு சொல்லும். நாற்பது ஆண்டுகளில் முதல் முறையாக எங்கள் பட்டிமன்றத்தில் கைகள் உயர்ந்தன. இரண்டு முறை எண்ணினார்கள். பின்னோரின் பணிகளுக்கு முப்பத்து மூன்று. போர் வெற்றிகளுக்கு முப்பத்தெட்டு. காவலர் எதற்கோ பாதி கை தூக்கினார், அதைச் சேர்க்கவில்லை.

வாசலில் ஒருவரும் இல்லை. எல்லாரும் உள்ளே இருந்தார்கள்.

7

"இது ஜோச்சுரி! சுத்த மோசடி!" என்று நந்தினி மேசையைத் தட்டினாள். "எங்க பாயிண்டையெல்லாம் எடுத்துண்டு உங்க கட்சிக்கு ஓட்டு வாங்கிட்டேள்!"

"கங்கையையே எடுத்துட்டுப் போனவங்க நாங்க. ஒரு பாயிண்ட்டை விட்டுட்டா போவோம்?" என்றேன்.

அவளே சிரித்துவிட்டாள். அரங்கு அதிர்ந்தது. ராமபத்ரன் சார் எழுந்து, கமிட்டியின் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது, பட்டிமன்றம் தொடரும் என்று அறிவித்தபோது முதியவர்கள் இளைஞர்களைக் கட்டிக்கொண்டார்கள். என்னை இரண்டு பேர் தோளில் தூக்கப் பார்த்தார்கள். வென்றேன், வாசகர்களே. முழுமையாக வென்றேன். அந்த அரை மணி நேரத்து மகிழ்ச்சியில் ஒரு துளியையும் நான் உங்களிடம் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆரவாரம் அடங்கியதும் சார் கோப்பையைக் கொண்டுவந்தார். கொடுப்பதற்கு முன், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எல்லாரும் கேட்கும்படிப் பேசினார்.

"சந்தோஷமா வாங்கிக்கோ. ஆனா ஒண்ணு சொல்லணும். உனக்கு முன்னாடியும் உன்னை மாதிரி வந்திருக்கா. மதுரைக்காரர் ஒருத்தர், கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர். ஒவ்வொருத்தரும் சிங்கம். மூணு வருஷம், நாலு வருஷம் ஜெயிப்பா. அப்பறம் மாத்தலாகிப் போயிடுவா. அவா பேச்சைக் கேட்டுக் கேட்டு, இவ்வளவு நன்னா நமக்கு வராதுன்னு இதுகள் வாயை மூடிண்டுடுத்து. இன்னிக்குத்தான் திறந்திருக்கு. அடுத்த வருஷமும் நீதான் பேசுவியோ?"

அவர் குற்றம் சாட்டவில்லை, கேட்டார். அவைக்குத் தெரியாத ஒன்று என் பையில் இருந்தது: பெங்களூருக்கு மாற்றல் தருவதாக நிறுவனம் அனுப்பிய கடிதம். வெள்ளிக்கிழமை வந்தது. சம்மதம் சொல்ல ஒரு வாரம் இருந்தது.

அடுத்த ஆண்டும் நானே பேசினால் மீண்டும் வெல்வேன். அதில் எனக்கு ஐயமில்லை. பெங்களூருக்குப் போனால் அங்கும் வெல்வேன். இரண்டாலும் இந்த மேடைக்குக் கிடைப்பது, வென்றவர்களின் பெயர்களை எழுதி வைக்கும் மன்றத்துச் சுவரில் இன்னொரு பெயர். ஒரு மணி நேரத்துக்கு முன், புதுப்பிக்காத வெற்றிக்குக் காலக்கெடு உண்டு என்று நான்தான் முழங்கினேன். அதைக் கேட்டுக் கை தூக்கிய முப்பத்தெட்டுப் பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கோப்பையை வாங்கினேன். மேடைக்குப் போகவில்லை. கடைசி வரிசைக்கு நடந்து, அவர்கள் நடுவே நின்று, ஒலிபெருக்கி இல்லாத அந்த அரங்கின் எல்லா மூலைக்கும் எட்டும்படிச் சொன்னேன்:

"அடுத்த ஆண்டு இந்த மன்றத்தில் ஆறு பேர் பேசுவார்கள். ஆறு பேரும் இந்த ஊரில் பிறந்தவர்கள். அவர்களில் நான் இருக்கமாட்டேன். ஆனால் இந்த ஊரில் இருப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் இங்கே வருவேன், உங்களோடு வாதாடுவேன், உங்களிடம் தோற்கவும் செய்வேன். ஆறில் ஒருவர் குறைந்தாலும், இன்று நான் பெற்ற வெற்றி செல்லாது என்று இதே இடத்தில் நின்று நானே அறிவிப்பேன்."